பழைய கிராபிக்ஸ் கார்டைத் தயாரிப்பாளரிடமே மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு: நான் 320 டாலர் இழந்த விதம்

430 டாலர் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்ட என் கிராபிக்ஸ் கார்டுக்கு 110 டாலர் வவுச்சர் ஒன்றை அனுப்பிவிட்டு, "தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது" என்று நேற்று மாலை எழுதியிருக்கிறார்கள். எது வெற்றி, யாருக்கு வெற்றி என்று கேட்டு நான் அனுப்பிய பதிலுக்கு, அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களை யாரும் படிப்பதில்லை என்ற தானியங்கி அறிவிப்புதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாக்கியங்கள் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொந்தப் பெயரில் கிராபிக்ஸ் கார்டுகளை விற்கும் தயாரிப்பாளர்களில் ஒருவர் என்பது போதும். என்னிடம் இருந்தது அவர்கள் தயாரித்த ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் என்ற மாடல். 12 ஜிபி நினைவகம் நான் செய்யும் வேலைக்குப் போதாமல் போனதால், 16 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐக்கு மாறலாம் என்று எண்ணியிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர்களுடைய இணையதளத்தில் "பழையதைக் கொடுங்கள், புதியதைப் பெறுங்கள்" என்ற திட்டம் கண்ணில் பட்டது. சீரியல் எண்ணைக் கொடுத்து, கார்டு இயங்குகிறதா, விசிறிகள் சுழல்கின்றனவா, எங்காவது உடைந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடையளித்தவுடன், பச்சைக் கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் 430 டாலர் என்று காட்டியது.

நான் நம்பியது அந்தத் தொகையைப் பார்த்து மட்டும் அல்ல. முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றால், வேலை செய்யவில்லை என்று நான்கு நாள் கழித்துத் திரும்பி வருவார். பணம் தராமல் இழுத்தடிப்பார். இவர்களோ அந்தக் கார்டைச் செய்தவர்கள். செய்தவனுக்குத் தெரியாத பொருளா, அவனே என்னை ஏமாற்றுவானா என்று நினைத்தேன். போதாததற்கு, முன்பு கிராபிக்ஸ் கார்டுகளை விற்றுவந்த ஈவிஜிஏ என்ற நிறுவனம் நடத்திய ஸ்டெப்-அப் திட்டத்தின் நினைவும் இருந்தது. வாங்கி 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், கொடுத்த விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டி மேல்நிலைக் கார்டு பெறலாம் என்ற ஏற்பாடு அது. 2020இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அதில் வரிசையில் நின்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் கழிக்கப்படும் தொகை பில்லில் உள்ள தொகை என்பதால், அதில் பேரத்துக்கு இடமில்லை. அந்த நிறுவனம் 2022இல் கிராபிக்ஸ் கார்டுத் தொழிலையே விட்டுவிட்டது. பில் தொகையைக் கழிப்பதும், பழைய பொருளுக்கு இவர்களே விலை போடுவதும் வெவ்வேறு சங்கதிகள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அனுப்பும் முன் கார்டை அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, வெப்பநிலை தெரியும்படி வீடியோ எடுத்தேன். பிறகு நிலைமின் எதிர்ப்பு உறையில் இட்டு, அதன் சொந்தப் பெட்டியிலேயே வைத்து அனுப்பினேன். மூன்று வாரம் சத்தமில்லை. நான்காவது வாரம் "மதிப்பீடு திருத்தப்பட்டது: 110 டாலர்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம், "திரவக் கசிவு". இணைத்திருந்த புகைப்படத்தில், கார்டின் பின்புறத்தை மூடும் தகடான பேக்பிளேட்டின் ஓரமாக, நகத்தின் அகலம்கூட இல்லாத எண்ணெய்ப் பளபளப்பு ஒன்று தெரிந்தது.

அது என்னவென்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நினைவகச் சில்லுகளின் சூட்டை, அதை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்குக் கடத்துவதற்காக இடையில் வைக்கும் மென்மையான தெர்மல் பேடிலிருந்து, நாளடைவில் வெப்பத்தால் சிலிக்கோன் எண்ணெய் கசிவது பல தயாரிப்புகளிலும் காணப்படுவதுதான். அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. கார்டும் அதனால் நின்றுவிடவில்லை. திருகின் மேல் ஒட்டிய முத்திரையைக்கூட நான் தொட்டதில்லை. ஆகவே அவர்கள் வைத்த பேடிலிருந்து கசிந்த எண்ணெய்க்காக என்னிடமிருந்து 320 டாலரைப் பிடித்திருக்கிறார்கள்.

அன்றிரவே வீடியோவை இணைத்து, இந்த மதிப்பீட்டை ஏற்க மாட்டேன் என்று தெளிவாக எழுதினேன். சோதனை செய்வது எங்கள் சேவைக் கூட்டாளி, அவர்களைக் கேளுங்கள் என்றது தயாரிப்பாளரின் உதவிப் பிரிவு. விலையை நிர்ணயிப்பது தயாரிப்பாளர், அவர்களைக் கேளுங்கள் என்றது கூட்டாளி. செய்தவர்கள் கையில் கொடுக்கிறேன் என்று நம்பி அனுப்பிய கார்டு, யாரென்றே தெரியாத வேறொரு நிறுவனத்தின் மேசைக்குப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அரட்டைச் சாளரத்தில் இருந்த ஊழியர், "உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்பதை நான்கு முறை எழுதிவிட்டு உரையாடலை மூடினார்.

இதற்கிடையில், திருத்திய மதிப்பீட்டை மறுப்பதற்குத் தந்திருந்த 72 மணி நேரக் கெடு முடிந்துவிட்டது. மறுப்பதாக இருந்தால் மின்னஞ்சலில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டுமாம். எழுத்தில் தெரிவிக்கும் ஆட்சேபணை மறுப்பாகக் கொள்ளப்படாதாம். அந்தப் பொத்தானை நான் அழுத்தாமல் இல்லை. அழுத்தியபோது சோதனைக் கட்டணமும் திருப்பி அனுப்பும் செலவுமாக 45 டாலர் கேட்டது. என் பொருளை என்னிடமே தர எதற்குக் கட்டணம் என்று விளக்கம் கேட்டு நின்றேன். நின்ற நேரத்தில் கெடு முடிந்தது, ஒப்புதல் அளித்ததாகக் கருதப்பட்டது. கார்டைத் திருப்பிக் கேட்டதற்கு, அது மறுசீரமைப்புக்குப் போய்விட்டது என்றார்கள். அதாவது 110 டாலர்தான் பெறும் என்ற பொருளைத் துடைத்து மறுபடி விற்கப்போகிறார்கள்.

வவுச்சரின் கதை தனி. அவர்கள் கடையில் மட்டுமே செல்லும். 5070 டிஐ 2025 பிப்ரவரியில் வெளிவந்தபோது, இந்தக் கார்டுகளின் மூலச் சில்லை வடிவமைக்கும் என்விடியா அறிவித்த விலை 749 டாலர். இவர்கள் கடையில் இருக்கும் மலிவான மாடலே அதைவிட 90 டாலர் கூடுதல். நான் போட்ட கணக்கில் 320 டாலர் ஓட்டை விழுந்தது போக, மிச்சமிருக்கும் 110 டாலரிலும் 90ஐ அந்த விலை விழுங்கிவிடுகிறது.

இந்தத் திட்டங்களில் சேரலாமா கூடாதா என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பில் தொகையை அப்படியே கழிக்கும் திட்டமானால், கெடு நாளுக்குள் யோசியுங்கள். பழைய கார்டுக்குச் சோதித்து விலை போடுவோம் என்றால் விலகிவிடுங்கள், முன்பின் தெரியாத ஆளுக்கு விற்பதே மேல். மீறிச் சேர்ந்தால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, கார்டுக்கு ஈடாகத் தருவது பணமா வவுச்சரா என்பதை முதலில் பாருங்கள். பேக்பிளேட்டின் நான்கு ஓரங்களையும் சீரியல் எண் தெரியும்படி அருகில் வைத்துப் படமெடுங்கள். நான் வெப்பநிலையைப் படமெடுத்தேன், ஓரத்தை எடுக்கவில்லை. மறுப்பதாக இருந்தால் காசைக் கட்டியாவது பொத்தானை அழுத்துங்கள், விளக்கம் பிறகு கேட்கலாம்.