வெர்மான்ட் பாட்டியின் பிறந்த வீடு: ஒன்பது ஆண்டுத் தேடல்

2016இல் மாமனார் காலமான பிறகு அவருடைய மேசை இழுப்பறையை ஒழித்தபோது, குடும்பப் பைபிளை எடுத்து மாமியார் என் மடியில் வைத்தார். தோல் அட்டை உதிர்ந்து, முதுகு பிளந்திருந்தது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று தலைப்பிட்ட சில பக்கங்கள் இருந்தன. அந்தக் காலத்து அமெரிக்கப் பைபிள்களில் குடும்பக் குறிப்புக்கென்றே விட்டுவைத்த பக்கங்கள் அவை. முதல் வரியில் ஒரு தம்பதி. கணவனுக்குப் பெயர், குடும்பப் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் எல்லாம் இருந்தன. மனைவிக்கு வெறும் பெயர், பிறகு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றும் எழுதப்படவில்லை. அவள் எந்த வீட்டுப் பெண் என்று தன் மாமியாருக்கும் தெரியாது என்றார் மாமியார்.

வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்து 1830களில் இறந்தவள் என்பதால் அவளை வெர்மான்ட் பாட்டி என்றே அழைக்கத் தொடங்கினேன். அந்தக் கோட்டின் மேல் எழுத ஒரு பெயர் கிடைக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த ஒன்பது ஆண்டுகளில் எந்தெந்தத் தளம், எந்தெந்தப் பதிவேடு கைகொடுத்தது என்பதை, அமெரிக்கக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட நம்மவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் ஒரு கட்டண வம்சாவளித் தளத்தில் கழிந்தது. சந்தா கட்டிய முதல் வாரத்திலேயே ஆயிரம் பெயர்கள் வந்து குவிந்தன. தளம் ஒரு குறிப்பு காட்டும். ஏற்றுக்கொண்டால் ஒரு தலைமுறை மேலே ஏறும். பத்து தலைமுறை ஏறினால் அந்த ஒரு படியில் மட்டும் 1,024 முன்னோர்கள் இருக்க வேண்டும் என்பதால் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. இங்கிலாந்து பிரபு ஒருவர் வரை போய்விட்டேன். வெர்மான்ட் பாட்டிக்கும் மாசசூசெட்ஸில் அப்பா, அம்மா கிடைத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்து, அச்செடுத்து மாமியாருக்குக் கொடுத்தேன்.

சந்தேகம் வந்தது அந்த ஊரின் பழைய பதிவு நூலைத் திறந்த பிறகுதான். மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் 1850 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்வாரியாக அச்சாகியிருக்கின்றன. பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். பிறப்பு ஒரு பகுதி, திருமணம் ஒரு பகுதி, இறப்பு ஒரு பகுதி. பிறப்புப் பகுதியில் எங்கள் பாட்டியின் பெயரோடு ஒரு பெண் குழந்தை இருந்தது. இறப்புப் பகுதியைப் புரட்டினேன். அதே பெயர், அதே பெற்றோர், நான்கு வயது. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறப்பதற்கு வைப்பது அந்த மக்களிடம் வழக்கம் என்பதால் பிறப்புப் பகுதிக்குத் திரும்பி மறுபடி பார்த்தேன். அப்படி யாரும் பிறக்கவில்லை. நான்கு வயதில் மண்ணுக்குள் போன குழந்தையை, தளத்தில் மற்றவர்கள் கட்டிவைத்த நூற்றுக்கும் மேற்பட்ட கொடிவழிகளில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தாயாக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அன்றிரவே என் கொடிவழி முழுவதையும் அழித்தேன். ஆதாரம் கையில் இருந்த நான்கு தலைமுறைகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை தொடங்கியபோது எனக்கு நானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். இன்னார் மகள் இன்னார் என்று அந்தக் காலத்துத் தாள் ஒன்று சொல்லாதவரை ஒரு தலைமுறை கூட ஏறக் கூடாது. மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கென்று 1897இல் தொடங்கிய சங்கமும் இதையே கேட்கிறது, ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று வேண்டும் என்று. எங்கள் குடும்பம் மேஃப்ளவர் குடும்பம் என்று மாமனார் சொல்லிவந்தார். 1620இல் இங்கிலாந்திலிருந்து அந்தக் கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். எஞ்சியவர்களின் வம்சங்கள் நன்றாக ஆராயப்பட்டிருக்கின்றன. அவர்களில் யாரோடும் எங்களுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. எங்களவர் 1630களில் வந்தவர். 1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசசூசெட்ஸ், வெர்மான்ட் உள்ளிட்ட இன்றைய வடகிழக்கு அமெரிக்கப் பகுதிக்கு, வந்த சுமார் 20,000 பேரில் ஒருவர். அந்தக் காலகட்டத்துக்கு ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் 1988இல் தொடங்கிய 'கிரேட் மைக்ரேஷன்' ஆய்வுத் திட்டத்தைவிட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒருவர் எந்த ஆண்டு வந்தார், எந்தச் சபையில் சேர்ந்தார், எவ்வளவு நிலம் பெற்றார் என்பதற்கெல்லாம் ஆதாரம் சொல்லும். தவறாகப் பரவிய உறவுகளையும் எடுத்துக்காட்டி மறுக்கும். 1845இல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தின் 'அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ்' தளத்தில் அதைப் படிக்கலாம். கட்டணம் உண்டு. இன்றுவரை நான் தொடர்ந்து சந்தா கட்டும் ஒரே தளம் அதுதான்.

பழைய தேதிகளில் இடறாதவர்கள் குறைவு. 1690 ஏப்ரலில் கல்யாணம், 1690 பிப்ரவரியில் முதல் குழந்தை என்று ஒரு பதிவு இருந்தது. பார்த்தால் தப்பாகத் தோன்றும். ஆனால் 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. ஆகவே பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவது. நம் சித்திரைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். தையும் மாசியும் ஆண்டின் கடைசியில்தானே வருகின்றன. உறவுச் சொற்களோ நேர்மாறு. அக்காலத்து உயில்களில் 'கசின்' என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம், 'மதர் இன் லா' என்பது சிற்றன்னையாகவும் இருக்கலாம். சித்தி, அத்தை, மாமியார் என்று ஆளுக்கொரு சொல் வைத்து வளர்ந்த எனக்கு அது பெரும் தலைவலி. பெயர் வைக்கும் விஷயத்தில் மட்டும் அவர்கள் நமக்கு மிக நெருக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன், அதுவே பேரன் என்போம். அங்கேயும் அப்படியே. அதனால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெர்மான்ட் பாட்டிக்கு உதவவில்லை. 1790இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதியது. மனைவி, மக்கள் எல்லாம் வயதுவாரியாக எண்ணிக்கையில் அடங்கிவிடுவார்கள். சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850இல்தான். அதற்குள் அவள் போய்விட்டாள். கல்லறைக்குப் போனோம். சாம்பல் நிறப் பலகைக் கல், மேலே தாழிப்பானையின் மீது சாய்ந்த வில்லோ மரம். கீழே இன்னாரின் 'கன்சார்ட்' என்று பொறித்திருந்தது. கணவன் இருக்கும்போதே இறந்தவளுக்கு அந்தச் சொல். கைம்பெண்ணுக்கு 'ரெலிக்ட்' என்று போடுவார்கள். ஆகவே அவள் கணவனுக்கு முன்னால் இறந்தவள் என்று தெரிந்தது. பிறந்த வீடு பற்றி அந்தக் கல்லும் எதுவும் சொல்லவில்லை.

நிலப் பத்திரங்களுக்குப் போனேன். என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். பெண் மக்களின் பங்கு எங்கே மறைந்திருக்கும் என்பதை அவர் வேலையைப் பார்த்தே அறிந்திருக்கிறேன். மாசசூசெட்ஸில் பத்திரங்கள் மாவட்ட அலுவலகத்தில் இருக்கும். வெர்மான்ட்டில் அப்படி இல்லை, ஒவ்வொரு ஊரின் எழுத்தர் அலுவலகத்திலும் இருக்கும். இது தெரியாமல் வெர்மான்ட்டின் மாவட்டத் தலைநகரங்களில் விசாரித்தே எனக்கு ஓராண்டு போயிற்று. கடைசியில் ஊர் அலுவலகத்தில் கணவன் வாங்கிய நிலங்களின் பத்திரங்கள் கிடைத்தன. முதல் பத்திரத்தில் அவன் மாசசூசெட்ஸின் வூஸ்டர் மாவட்டத்தைச் சேர்ந்தவன் என்றிருந்தது. வூஸ்டர் அட்டவணையைத் தேடினேன். அவன் பெயரிலும் ஒன்றுமில்லை, அவள் பெயரிலும் ஒன்றுமில்லை. அங்கேயே ஐந்து ஆண்டுகள் நின்றுபோனேன்.

இடையில் கணவருக்கு மரபணுப் பரிசோதனை செய்தோம். வூஸ்டர் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றின் வழித்தோன்றல்கள் பலர் தூரத்து உறவாக வந்தார்கள். ஆனால் பழைய நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே மாறி மாறிப் பெண் கொடுத்து எடுத்தவை. எந்த வழியில் வந்த உறவு என்று அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டேன்.

2024இல் 'ஃபேமிலி சர்ச்' தளம் பழைய கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியைக் கொண்டு வரிவரியாகப் படிக்கவைத்து, உள்ளே இருக்கும் எந்தச் சொல்லையும் தேடும் வசதியைத் திறந்தது. சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை நடத்தும் தளம் அது. கணக்கு தொடங்கினால் போதும், காசு கிடையாது. பாட்டியின் பெயரையும் கணவனின் பெயரையும் வெர்மான்ட் ஊரின் பெயரையும் சேர்த்துத் தட்டினேன். மூன்றாவது விடையில் வூஸ்டர் மாவட்டப் பத்திரம் ஒன்று வந்தது.

நம் ஊரில் விடுதலைப் பத்திரம் என்போமே, அதுதான். தந்தை இறந்த பிறகு மகன்கள், மகள்கள், மருமகன்கள் ஏழு பேர் சேர்ந்து தங்கள் பங்கை ஒரு சகோதரனுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். பழைய அட்டவணையில் மூத்தவன் பெயரைப் போட்டு 'மற்றும் பிறர்' என்று முடித்திருந்தார்கள். அந்த 'மற்றும் பிறர்' என்பதற்குள்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவள் இருந்திருக்கிறாள். "எங்கள் மதிப்புக்குரிய தந்தை, காலஞ்சென்ற" என்று எழுதி அவர் பெயர். அதன் கீழே வெர்மான்ட் மாநிலத்து இன்னாரும், தன் உரிமையில் கையெழுத்திடும் அவர் மனைவி இன்னாரும். ஆண்கள் எல்லோரும் பெயர் எழுதியிருக்கிறார்கள். அவள் பெயரை எழுத்தர் எழுதி, நடுவே பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் இட்டு, மேலும் கீழும் 'அவளுடைய', 'குறி' என்று எழுதியிருக்கிறார். நம் கைநாட்டு மாதிரி. மாவட்ட அலுவலகத்தில் இருப்பது மூலப் பத்திரத்தைப் பார்த்து எழுதிய நகல் என்பதால் அந்தக் கோடுகள் அவள் கையால் போட்டவை அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மரபணுவில் வந்த அதே குடும்பம். தந்தையின் சொத்துப் பங்கீட்டு ஆவணத்திலும் அவள் பெயர் இருந்தது. இரண்டு சான்று ஆயிற்று. மாமியாருக்கு அப்போது 84 வயது. பைபிளைக் கொண்டுவரச் சொல்லி, கோட்டின் மேல் பென்சிலால் அந்தக் குடும்பப் பெயரைத் தானே எழுதினார். பழைய தாளில் மை பரவும் என்பதால் பென்சில்.

இனித் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலவசத் தளத்திலேயே தொடங்குங்கள். மற்றவர்கள் கட்டிய கொடிவழியைத் துப்பாகப் பாருங்கள், சான்றாக எடுக்காதீர்கள். பாட்டிகளைத் தேடுகிறீர்கள் என்றால் பத்திரமும் உயிலும்தான் வழி. நியூ இங்கிலாந்துக்கு வெளியே நிலைமை கடினம். தெற்கு மாநிலங்களில் பல மாவட்ட நீதிமன்றங்கள் உள்நாட்டுப் போரில் எரிந்துபோயின. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இன்னும் கடினம். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்கு உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும்தான் உண்டு, பெரும்பாலும் பெயர் கிடையாது.

அந்தக் கொடுமை தெற்கோடு நிற்கவில்லை என்பதையும் இந்தத் தேடல்தான் எனக்குக் காட்டியது. மாசசூசெட்ஸின் எசெக்ஸ் மாவட்டத்தில் 1740களில் இறந்த எங்கள் முன்னோர் ஒருவரின் சொத்துப் பட்டியல் அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் தளத்தில் கிடைத்தது. இரண்டு பசு, ஓர் இறகு மெத்தை, பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டுகள். பசுவுக்கும் மெத்தைக்கும் நடுவே 'ஒரு நீக்ரோப் பெண்' என்று ஒரு வரி, எதிரே ஒரு விலை. பெயர் இல்லை. 1780ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பைக் காட்டி, அடிமை முறைக்கு இங்கே இடமில்லை என்று தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் 1783இல், அடிமையாக வைக்கப்பட்டிருந்த குவாக் வாக்கர் என்பவரின் வழக்கில் சொன்னார். அது அவளுக்கு எட்டியிருக்குமா என்று சொல்ல வழியில்லை. அந்த வரியைப் பிள்ளைகளிடம் காட்டினேன். மாமியாரிடமும் காட்டினேன். பைபிளில் ஒரு தாளைச் செருகி அதையும் எழுதி வை என்றார்.

நியூ இங்கிலாந்துத் தேவாலயங்கள் சிலவற்றில் அடிமைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்து, பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். பாஸ்டனில் உள்ள காங்கிரிகேஷனல் நூலகம் பல ஊர்களின் பழைய சபைப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்த முன்னோர் போன தேவாலயத்தின் பதிவேடும் அதில் இருக்கிறது. கையெழுத்து பொடிப்பொடியாக, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று படித்துவருகிறேன். 1725இல் தொடங்கினேன். இப்போது 1738 வரை வந்திருக்கிறேன்.