22 நம்பர் ஜூகி: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

பழைய ஓவர்லாக் மெஷின் (துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பது) வாங்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்கள். போனில் பாதியும் நேரில் பாதியுமாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என்னுடையது ஜூகி கம்பெனியின் எம்ஓ 6700 வரிசை, நாலு நூல் ஓவர்லாக். 2022 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம், திருப்பூரில் ஒரு பழைய மெஷின் கடையில் வாங்கினேன். ஹெட், டேபிள், ஸ்டாண்டு, கிளட்ச் மோட்டார் எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். சீட்டு எடுத்தது பத்தாயிரம், மீதி மகளிர் குழுவில் வாங்கிய கடன்.

ஹெட்டின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் 'லைன் 3 - 22' என்று எழுதியிருக்கிறது. ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் மூன்றாவது லைனில் இருபத்திரண்டாவது மெஷினாக இருந்திருக்கிறது. பெடலின் வலது ஓரத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும். அதில் உட்கார்ந்த அக்காவோ தம்பியோ எப்போதும் அந்தப் பக்கமாகவே மிதித்திருக்க வேண்டும். டேபிளைத் துடைத்தேன், பெல்ட் மாற்றினேன், அந்த ரப்பரை மட்டும் மாற்றவில்லை. இப்போது என் காலும் அந்த ஓரத்துக்கே போகிறது.

நான் உசிலம்பட்டிப் பக்கம். 2003இல் பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்து கைமடியில் சேர்ந்தேன். டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகித்தான் பவர்டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் மெஷினில் தைக்கிற டெய்லர் ஆனேன். பதினெட்டு வருடம் சனிக்கிழமை சம்பளம். 2021இல் ஷிப்டுக்கு 420 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 630. அதற்கு இரவு எட்டு மணி ஆகும். வீட்டுக்கு வந்தால் பிள்ளை தூங்கியிருக்கும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

தையல் இன்றைக்கும் புதிது போலத்தான் விழுகிறது. சிங்கிள் ஜெர்சி, ரிப், பிளீஸ் என்று மூன்று வகைப் பனியன் துணியிலும் ஓட்டியிருக்கிறேன். துணி நகரும் அளவை மாற்றுகிற டிஃபரன்ஷியல் லீவரைச் சரியாக வைத்தால் ரிப் துணி அலை அலையாக இழுத்துக்கொள்வதில்லை. இந்த வரிசைக்கு நிமிடத்துக்கு 7000 தையல் வரை வேகம் உண்டு என்பார்கள். வீட்டில் அவ்வளவு தேவையே இல்லை. நான் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துத்தான் ஓட்டுகிறேன், நூலும் அறுவதில்லை. ஊசி டிசி 27, பதினொன்றாம் நம்பர், பால் பாயின்ட். ஊசியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முனை லேசாக மழுங்கினாலே பனியன் துணியில் பொடி ஓட்டை விழும். அது அங்கே தெரியாது, துவைத்தபின் தெரியும், முழு லாட்டும் திரும்பி வரும்.

எண்ணெய்க் கண்ணாடியில் இரண்டு கோடு இருக்கும். எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். சாயங்காலம் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் லூப்பர் (ஊசி நூலோடு சேர்ந்து தையலைப் பின்னுகிற கொக்கி) பக்கம் பஞ்சைத் தட்டிவிட வேண்டும். இது இரண்டையும் தவறாமல் செய்ததால் நான்கு வருடத்தில் ஹெட்டுக்கு நான் செய்த செலவு ஒரு லூப்பர், இரண்டு முறை கத்தி, ஒரு டைமிங் சர்வீஸ், அவ்வளவுதான். நன்றாக உழைக்கிற பொருள் என்று மனசாரச் சொல்வேன்.

கிளட்ச் மோட்டார்தான் தொல்லை. சுவிட்ச் போட்டால், தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஊ என்று ஓடிக்கொண்டே இருக்கும், கரண்டும் ஓடும். மாடியில் குடியிருந்தவர்கள் இரண்டு தடவை இறங்கி வந்து கேட்டார்கள். ஆறாவது மாதம் 5,200 ரூபாய் கொடுத்து சர்வோ மோட்டார் மாட்டினேன். மிதித்தால்தான் ஓடும், சத்தமே இல்லை. ஆனால் ஏழாவது மாதம் அதன் கன்ட்ரோல் பாக்ஸ் போய்விட்டது. ஒரு வருட கேரண்டி என்று வாயால் சொன்ன கடைக்காரர், நீங்கள் வைத்திருப்பது வெறும் துண்டுச் சீட்டு என்று கை விரித்துவிட்டார். மோட்டாரை மட்டும் ஜிஎஸ்டி பில் போட்டு வாங்குங்கள். நூறு, இருநூறு கூடப் போனாலும் போகட்டும்.

மீட்டர் விஷயமும் இருக்கிறது. வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டினால் ஒருநாள் அபராதம் வரும். சிறுதொழில் இணைப்பு தனியாக வாங்கியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏற்றியபோது நிலைக்கட்டணமும் சேர்ந்து ஏறிவிட்டது. வேலை இல்லாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி. இதை வாங்கினால் முன்னுக்கு வர முடியுமா?

கணக்கைச் சொல்கிறேன். முதல் வருடம் ஜாப் ஒர்க்கில் (அடுத்தவர் வெட்டிக் கொடுக்கிற துணியைக் கூலிக்குத் தைப்பது) கை ஏற்றி சைடு அடிக்கிற வேலை, பீசுக்கு 3 ரூபாய். ஒரு நாளைக்கு 280 பீஸ் வரை அடித்தேன். 840 ரூபாய். ஊசி, கரண்டு, ஆட்டோ போக எழுநூறு நிற்கும். கம்பெனியில் ஒன்றரை ஷிப்டுக்கு வாங்கியதைவிட எழுபது ரூபாய்தான் கூட. போனஸ், பிஎஃப், இஎஸ்ஐ மூன்றும் போய்விட்டது. ஆகையால் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பணம் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்குக் கிடைத்தது வேறு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள், நூல் கோன் மாற்றிக் கொடுப்பாள்.

பணம் என்று பார்த்தது 2023இல், சிங்கரும் (நேர்த்தையல் மெஷின்) பிளாட்லாக்கும் (மடிப்பு அடிக்கிற மெஷின்) சேர்ந்த பிறகு. மூன்றும் இருந்தால் டீஷர்ட்டை முழுதாகத் தைத்துக் கொடுக்கலாம், பீசுக்கு 11 ரூபாய். என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேர் இப்போது என்னிடம் தைக்கிறார்கள். அவர்கள் சம்பளம் போக நல்ல மாதத்தில் எனக்கு 25,000 வரை நிற்கும். எங்கள் அம்மா அடுத்தவர் காட்டில் கடலை பறித்தவர். இந்தத் தொகையை அவரிடம் சொன்னபோது, மாசத்துக்கா வருசத்துக்கா என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த இரண்டு மெஷினுக்கும் முத்ரா கடன் கேட்டுப் போன கதையைச் சொல்லியாக வேண்டும். கிஷோர் பிரிவில் 50,000க்கு மேல் 5 லட்சம் வரை கொடுக்கலாம் என்பது திட்டம். நான் கேட்டது எண்பதாயிரம். நான் போன வங்கியில் புது மெஷினுக்கு டீலர் கொட்டேஷன் வேண்டும், பழைய மெஷினுக்குக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எண்பதாயிரத்தில் பழைய மெஷின் மூன்று வாங்கலாம், புதிதாகப் போனால் இரண்டோடு சரி. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் பழையது தேடுவார், அவருக்கே கடன் இல்லை என்றால் அவர் தண்டல்காரரிடம்தான் போவார். நான் நான்கு நடை நடந்து, கடைசியில் புதிதாகவே எடுத்தேன். தவணை இன்னும் ஓடுகிறது.

அடுத்த படி இருக்கிறதே, அங்கேதான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். ஜாப் ஒர்க்கிலிருந்து சொந்தமாகத் துணி எடுத்து, வெட்டி, தைத்து, விற்பது. கிலோவுக்கு ஐந்து, ஆறு டீஷர்ட் வரும். நூறு கிலோ சாயத்துணி எடுத்தால் நாற்பதாயிரம் அப்போதே கொடுக்க வேண்டும். தைத்து அனுப்பிப் பணம் வர இரண்டு, மூன்று மாதம். அதற்குள் அடுத்த நூறு கிலோ எடுக்காவிட்டால் மெஷின் சும்மா நிற்கும். திருப்பூரில் மெஷின் வைத்திருப்பவர் ஏராளம். காத்திருக்கத் தெம்பு உள்ளவர்தான் முதலாளி ஆகிறார்.

நான் முதலில் வேலை பார்த்த கம்பெனி முதலாளி எழுபதுகளில் கைமடியாக வந்தவர். டெய்லர் யாராவது வராத அன்று அவரே உட்கார்ந்து அடிப்பார், எங்களைவிட வேகமாக. 1978வாக்கில் இத்தாலிக்காரர்கள் வந்து இறங்கியதிலிருந்து எக்ஸ்போர்ட் பெருகியது, அந்த அலையில் அவரைப் போல நிறையப் பேர் டெய்லரிலிருந்து முதலாளி ஆனார்கள். அவர் உழைப்பை நான் கண்ணால் பார்த்தவள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு ஊரில் அடமானம் வைக்கத் தோட்டம் இருந்தது. மச்சான் நூல் கடை வைத்திருந்தார், பங்காளி சாயப்பட்டறை. பணம் வரும்வரை அவர்கள் பொறுத்தார்கள். எனக்காகப் பொறுக்க யார் இருக்கிறார்கள்? என்னைவிட நன்றாகத் தைக்கிற பெண்கள், முப்பது வருடமாக அதே லைனில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமையில் என்ன குறை?

சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த கம்பெனி அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. அதற்காகவே உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், ஆன்லைனில் இலவசம், எல்லோரும் செய்துகொள்ளுங்கள். ஆனால் எனக்கு வேலை கொடுத்த ஒருவர் 38,000 ரூபாயை மூன்று மாதம் இழுத்தபோது அந்தச் சட்டத்தை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அடுத்த லாட் வேறு வீட்டுக்குப் போகும். தினமும் காலையில் போன் போட்டு, அண்ணா, அண்ணா என்று கெஞ்சித்தான் வாங்கினேன்.

2025 ஆகஸ்ட் 27இலிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. நான் தைப்பது உள்ளூர்ச் சரக்குதான், நமக்கென்ன என்று இருந்தேன். எக்ஸ்போர்ட் வேலை குறைந்தவர்கள் உள்ளூர் வேலைக்குக் கை நீட்டியதும் பதினொரு ரூபாய் ஒன்பதரை ஆகிவிட்டது. அந்த இரண்டு பேர் சம்பளத்தை நான் குறைக்கவில்லை. என் பங்குதான் குறைந்தது.

மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது, அவள் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகிவிடும். பாடத்தில் வந்ததாக ஒன்று சொன்னாள். 2018இல் ஓஇசிடி என்ற அமைப்பு போட்ட கணக்காம். ஏழைக் குடும்பம் ஒன்று நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் இரண்டு தலைமுறை, இந்தியாவில் ஏழு தலைமுறை. அன்று இரவு தைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். கடலை பறித்த அம்மா, நான், இவள். எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள். பழையதே வாங்குங்கள், ஆனால் முதல் நாளிலேயே வேலையை விட்டுவிடாதீர்கள். ஒழுங்காகப் பணம் கொடுக்கிற இரண்டு பேரிடம் வேலை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ஒருவர் சிங்கரும் இன்னொருவர் பிளாட்லாக்கும் போட்டு மூன்று பேராகச் சேர முடிந்தால் இன்னும் நல்லது, நான் தனியாக ஒன்றரை வருடத்தில் வந்த இடத்துக்கு நீங்கள் ஆறு மாதத்தில் வந்துவிடலாம்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே மூன்று வகைத் துணி எடுத்துப் போங்கள், கடைக்காரர் நீட்டுகிற துணியில் தைத்துப் பார்க்க வேண்டாம். மோட்டாரை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால் ஷாஃப்டில் கோளாறு, எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு விற்ற பெரியவர் நல்ல மனிதர், முன்பு பவர்டேபிள் வைத்திருந்தவர். வரிசையாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்த மெஷின்களை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அம்மிணி, பெயிண்ட்டப் பாத்து ஏமாறாத. ஓட விட்டுக் காதக் குடுத்துக் கேளு" என்றார். மூலையில் பெயிண்ட் அடிக்காமல் கிடந்த 22 நம்பரைக் காட்டியதும் அவர்தான்.