68,500 ரூபாய்க்கு ஒரு பள்ளம்: சோபா வாங்கக் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஆத்திரத்தில் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். பணம் 68,500 ரூபாய். தீபாவளி போனஸில் ஒரு பங்கு, சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு என்று சேர்த்து வைத்தது.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், மூன்றாவது மாடி. கல்யாணத்துக்கு வந்த மர சோபாவில் ஒரு கை ஆட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் நடந்தது. உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே வரக்கூடாது, தாழ்வான இடத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பையன்கள் இரண்டு பேரும் டிவி பார்க்கும்போது ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள். சரி, எல்லோரும் ஒன்றாக உட்காரும்படி ஒரு எல் ஷேப் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். ரெக்ஸின் வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். என் தங்கை வீட்டு ரெக்ஸின் சோபா இந்தச் சென்னைப் புழுக்கத்தில் இரண்டே வருடத்தில் தோல் உரிந்து, உட்கார்ந்து எழுந்தால் வேட்டியெல்லாம் கறுப்புச் செதில். அதனால் துணிதான். இவ்வளவு யோசித்த நான்தான் ஏமாந்தேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வேறு தலைவலி வரும் என்கிறார் வீட்டுக்காரர். வகையைச் சொல்கிறேன். ரோட்டைப் பார்த்து நாலு சோபா போட்ட சின்னக் கடை, பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை. ‘ஃபேக்டரி விலை, உங்கள் அளவுக்கே செய்து தருகிறோம்’ என்று போர்டு. தினம் ஒரு ரீல்ஸ் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் புது சோபாவில் உட்கார்ந்துகொண்டு ‘சூப்பரா இருக்கு’ என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் டிசம்பர் கடைசியில் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம்.

நான் விழுந்த இடம் எது என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். விலை கேட்டபோது இல்லை. அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே அந்த ஆள் ஓடிவந்து கையைப் பிடித்தார் பாருங்கள், அங்கே. “அம்மா, பாத்து வாங்க, படி இருக்கு.” டீ வந்தது. அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல் வந்தது, அதுவும் கேட்டுவிட்டு. நடுவில் இருந்த சோபாவில் உட்கார வைத்தார். “இப்ப நீங்களே எழுந்திரிங்கம்மா, யாரும் பிடிக்காதீங்க.” அத்தை கைப்பிடியில் ஒரு கை ஊன்றித் தானே எழுந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் வெளியிடத்தில் அவர் அப்படி யார் துணையும் இல்லாமல் எழுந்து நான் பார்த்ததில்லை. என் கண் கலங்கிவிட்டது. அந்த ஆள் அதையும் பார்த்திருப்பார்.

“எங்க அம்மாவுக்கும் முட்டிதான் மேடம். அவங்களுக்கு செஞ்ச அதே ஹைட்டு, பதினெட்டு இன்ச்சு. நாப்பது டென்சிட்டி ஃபோம், கீழ ஜிக்ஜாக் ஸ்பிரிங்கு, ஃபிரேம் முழுக்க தேக்கு. பத்து வருஷம் வாரண்டி. இந்த சோபா உக்காந்து போச்சுன்னா என் கடையில வந்து என் சட்டையப் பிடிங்க.”

சட்டையைப் பிடிக்கச் சொன்னவர்தான் இப்போது பிளாக் செய்திருக்கிறார்.

விலை 68,500 என்று முடிந்தது. பில் கேட்டோம். “பில்லு தாராளமா தரேன் மேடம், பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். 12,330 ரூபாய். நானும் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்குத்தான் ஆசை இருக்காது? ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு போதும் என்றோம். அதில் ‘எல் ஷேப் 1, கிரே’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். நாற்பது டென்சிட்டி, தேக்கு, ஸ்பிரிங், பத்து வருடம் எல்லாம் அவர் வாயில் இருந்தது, சீட்டில் இல்லை. 40,000 ஜிபே செய்தேன். கடை நம்பருக்குப் போகவில்லை, “என் மச்சான் நம்பர்தான், போடுங்க” என்ற நம்பருக்குப் போனது. இதைப் படித்துவிட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சோபா வந்தது. லிஃப்டில் நுழையவில்லை, மாடி ஏற்ற 1,500 தனி. ஹாலில் போட்டுப் பார்த்தால் எல் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது! பால்கனிக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போன் போட்டேன். “லெஃப்ட்னுதானே மேடம் சொன்னீங்க? நீங்க எதிர்ல நின்னு பாத்து லெஃப்ட் சொல்லிருக்கீங்க, எங்க கணக்குல உக்காந்து பாத்து லெஃப்ட்” என்றார். டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றி, சோபாவைத் திருப்பிப் போட்டு ஒருவழியாகச் சமாளித்தோம். அப்போதே மீதிப் பணத்தை நிறுத்தியிருக்க வேண்டும். வண்டியோடு வந்த பையன்கள், “ஓனர் காசு வாங்காம வரக்கூடாதுன்னு சொல்லிருக்காருக்கா, எங்க கூலிய பிடிச்சுக்குவாரு” என்று நின்றார்கள். பாவமாக இருந்தது. மீதி 28,500-ஐ ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். அத்தையை உட்கார வைத்து வீடியோவும் எடுத்தார்கள். அவரும் “நல்லா இருக்குப்பா” என்றார்.

முதல் மூன்று வாரம் குறை இல்லை. நாலாவது வாரம் அத்தை உட்காரும் மூலையில் தட்டு மாதிரி ஒரு குழி. ஆறாவது வாரம் அது பள்ளம். டேப் வைத்து அளந்தேன்: காலியாக இருக்கும்போதே பதினாறு அங்குலம்தான், பதினெட்டு இல்லை. அத்தை உட்கார்ந்தால் பதினொன்று. அத்தையின் எடை 58 கிலோ. யானை இல்லை.

போன் போட்டேன். முதல் பதில், “புது ஃபோமு மேடம், செட் ஆகும், எல்லாரும் மாறி மாறி உக்காருங்க.” மாறி மாறி உட்கார்ந்தோம், எல்லா இடமும் சமமாகப் பள்ளமானது. அடுத்து, “போட்டோ அனுப்புங்க.” அனுப்பினேன். “வீடியோ அனுப்புங்க.” அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அதோடு சரி. அப்புறம், “வேலை பாக்குற பசங்க ஹோலிக்கு ஊருக்குப் போயிருக்காங்க.” ஹோலி முடிந்தது. “டிக்கெட் கிடைக்கலையாம்.” ஒரு நாள் போனை எடுத்தவர், “ஓனர் திருப்பதி போயிருக்காரு” என்றார். பின்னாலேயே ஓனரின் குரல் கேட்டது, சத்தியமாக. நேரில் போனேன். அன்றைக்கு டீ இல்லை. “வாரண்டி ஃபிரேமுக்குத்தான் மேடம், ஃபோமுக்குக் கிடையாது. ஃபோம் எப்படி உக்காருறீங்கங்கறதப் பொறுத்தது.” எப்படி உட்காருவது என்று 68,500 ரூபாய் கொடுத்தவளுக்குப் பாடம். போன மாதம் ‘மேடம்’, அன்றைக்குக் கிளம்பும்போது “ஏம்மா, கஸ்டமர் வர்ற நேரத்துல” என்று ஆகிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் கார் சீட், சோபா எல்லாம் தைக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். முந்தாநாள் அவரைக் கூட்டிவந்தேன். அவர் முதலில் குஷனைத் தொடவே இல்லை. சோபாவைக் கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் அடித்த கறுப்புத் துணியை ஒரு ஓரமாகக் கிழித்தார். உள்ளே ஸ்பிரிங் என்று ஒன்றுமே இல்லை. ஒரு சாண் இடைவெளியில் எலாஸ்டிக் பெல்ட், அதில் இரண்டு ஏற்கெனவே ஆணி கழன்று தொங்குகிறது. ஃபிரேம் பேக்கிங் பெட்டி உடைத்த பலகை. ஒரு பலகையில் இங்கிலீஷ் எழுத்து தலைகீழாக அச்சடித்திருக்கிறது, அதைக்கூட இழைத்து எடுக்கவில்லை. இன்னொன்றிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டியது. “உளுத்த மரம்மா இது” என்றார். தேக்கு என்றது வெளியே தெரியும் கால்கள்தான்.

அப்புறம் குஷன் ஜிப்பைத் திறந்தார். மேலே ஒரு அங்குலம் நல்ல ஃபோம், கையால் அமுக்கிப் பார்ப்பவர்களுக்காக. அதன் கீழே பஞ்சுமிட்டாய் மாதிரி ஒன்று. “டென்சிட்டின்னா கெட்டின்னு நெனச்சுக்கிறாங்க எல்லாரும். அது எடைக் கணக்கும்மா” என்றார் பாய். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் 40 டென்சிட்டி, 20 கிலோ இருந்தால் 20. எடை குறைந்த ஃபோமையும் புதிதில் விறைப்பாகச் செய்து காட்டலாம், ஆனால் சீக்கிரம் அமுங்கிப்போகும், திரும்ப எழும்பாது. என் பெரியவன் பிளஸ் ஒன். உடனே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டான். எங்கள் குஷன் 24-க்கு 24, கனம் 5 அங்குலம். உண்மையில் 40 டென்சிட்டி என்றால் கவர் இல்லாமல் 1 கிலோ 900 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். பழைய பேப்பர்க்காரர் தராசில் மாட்டிப் பார்த்தோம். 950 கிராம். சரி பாதி.

இந்தக் கணக்கை அந்த ஆளுக்கு எழுதி அனுப்பினேன். அதற்குத்தான் பிளாக்.

1915-க்கு அடித்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். மரியாதையாகப் பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். “பில் இருக்காம்மா?” என்றார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டும், மச்சான் பெயரில் போன 40,000-க்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும். ரொக்கமாகக் கொடுத்த 28,500-க்குச் சாட்சி கூலிக்காரப் பையன்கள். மிச்சம் பிடித்த 12,330-ஐ இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். வருமோ வராதோ, அந்த ஆள் ஒரு தடவையாவது பதில் சொல்ல வந்து நிற்கட்டும். பாய் மொத்தக் குஷனையும் மாற்றி ஸ்பிரிங் போட 22,000 கேட்கிறார். 68,500-க்கு மேல் 22,000! உளுத்த பலகை மேல் அதையும் போடுவதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட எரிகிற விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு எடுத்த வீடியோ இன்னும் அவர்கள் ரீல்ஸ் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தை எங்கள் ஹாலில், அந்த சோபாவில், “நல்லா இருக்குப்பா” என்று சிரிக்கிறார். கீழே யாரோ ஒரு பெண் ‘எங்க அம்மாவுக்கும் முட்டி வலி, விலை என்ன?’ என்று கேட்டிருக்கிறார். வாங்காதீர்கள் என்று நான் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். அந்தப் பெண் இதைப் படித்தால் நல்லது.

சோபா வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. 18 சதவீதம் போனால் போகட்டும், பில் வாங்குங்கள். அதில் ஃபோம் டென்சிட்டி, மரம், அடியில் ஸ்பிரிங்கா பெல்ட்டா, உயரம், வாரண்டி எதெதற்கு என்பதை எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், குடித்த டீக்கு வேண்டுமானால் காசு கொடுங்கள். எல் எந்தப் பக்கம் என்று வாயால் சொல்லாதீர்கள், தாளில் ஹாலை வரைந்து கதவு, ஜன்னல் குறித்துக் கொடுங்கள். பட்டறையில் கறுப்புத் துணி அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை போய் ஃபிரேமைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜிப்பைத் திறந்து, குஷனைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கூலிக்காரப் பையன்கள் நின்றால் நிற்கட்டும், தண்ணீர் கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். மச்சான் நம்பருக்கு

இருங்கள், அத்தை கூப்பிடுகிறார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன், இருந்தும் “68,500 குடுத்துட்டு சும்மா விடறதா” என்று வைராக்கியமாக அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காருவார். இப்போது எழுந்திருக்க முடியவில்லையாம். தூக்கிவிட்டு வருகிறேன்.