லாம்ப்வொர்க் மணிகளுக்கு எந்தக் கண்ணாடிக் குச்சி? பல வருடம் புழங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

லாம்ப்வொர்க், அதாவது கண்ணாடிக் குச்சியைத் தீயில் உருக்கி மணி செய்யும் வேலை, பழகத் தொடங்குபவர்கள் முதலில் டார்ச், அதாவது தீ எரியும் பர்னர், பற்றிக் கேட்பார்கள். அடுத்து உடனே வருவது, "எந்தக் கண்ணாடிக் குச்சி வாங்கலாம்?" என்ற கேள்விதான். நிற அட்டையைப் பார்த்து இதற்கு முடிவெடுக்கக் கூடாது என்பது பல வருடம் இந்தத் தீயின் முன்னால் உட்கார்ந்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து. நிறம் எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் அழகாகத்தான் இருக்கும். அந்தக் குச்சி உங்கள் டார்ச்சில் எப்படி இளகுகிறது, எவ்வளவு நேரம் கைக்கு வசப்பட்டு நிற்கிறது, ஆறும்போது பக்கத்துக் கண்ணாடியோடு ஒத்துப்போகிறதா என்பதை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

என்னிடம் இருப்பது கேஸும் ஆக்ஸிஜனும் கலந்து எரியும் சிறிய மேஜை டார்ச், பக்கத்தில் ஒரு மின்சூளை. கீழே சொல்வதெல்லாம் அந்த அமைப்பில் புழங்கிப் பார்த்தது.

குச்சிகளின் கட்டில் 104, 96, 90, 33 என்று எண் போட்டிருக்கும். அதுதான் சிஓஇ, அதாவது கண்ணாடி சூட்டில் எவ்வளவு விரிகிறது என்பதன் அளவு. 104 என்றால் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது நீளத்தில் ஒரு கோடியில் 104 பங்கு கூடுகிறது. ஆறும்போது அதே அளவு சுருங்கும். ஒரே மணிக்குள் 104-ம் 90-ம் இருந்தால் ஒன்று அதிகமாகச் சுருங்கும், மற்றொன்று குறைவாகச் சுருங்கும். மணி சூளையிலேயே உடையலாம், இல்லை சில நாள் கழித்து மேஜை மேல் சும்மா இருக்கும்போதே விரிசல் விடலாம்.

மணி செய்பவர்களில் பெரும்பாலோர் கையாள்வது 104-ஐத்தான். வெனிஸுக்குப் பக்கத்துத் தீவான முரானோவின் எஃபெத்ரே இதில் முதல் பெயர். முன்பு மொரெட்டி என்ற பெயரில் வந்ததால், பழகிய கைகள் இன்னும் அப்படியே சொல்வார்கள். பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டர் தடிமன். தீயில் காட்டிய சற்று நேரத்திலேயே முனை உருண்டு, வெல்லப் பாகு பதத்தில் தொங்க ஆரம்பிக்கும். மணிக்குத் துளை விடும் மேண்ட்ரல் கம்பியில் சுற்றினால் தானாகவே உருண்டையாகத் திரளும். தீயை விட்டு எடுத்த பிறகும் அச்சில் அழுத்தவும், கோடு கீறவும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சின்ன டார்ச்சுக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் 104 என்ற ஒரே எண்ணுக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம். 204 என்ற வெள்ளை ரொம்ப மென்மையானது. அதன் மேல் வைத்த மெல்லிய கோடு, சூடு கொஞ்சம் கூடினாலும் பரவி மங்கிவிடும். கறுப்பு உண்மையில் மிக அடர்ந்த ஊதா. உருண்டையாக இருக்கும்போது கறுப்பாகத் தெரியும், இழையாக இழுத்து வெள்ளை மேல் வைத்தால் ஓரத்தில் ஊதா கசியும். ஒளி புகாத சிவப்பை அதிகம் காய்ச்சினால் ஈரல் நிறத்துக்குப் போய்விடும். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த நிறத்தைத் தீயின் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் அதே குணங்களை வைத்து வேலை வாங்கலாம்.

அப்படி எனக்கு மிகவும் பிடித்த ஜோடி தந்த நிறமும் டர்க்காய்ஸ் என்ற பச்சை கலந்த நீலமும். தந்த நிற மணி ஒன்றைச் சுற்றி, அதன் மேல் டர்க்காய்ஸ் புள்ளி வைத்து, தீயின் வெளி ஓரத்தில் மெதுவாக உருக்கிப் பாருங்கள். புள்ளி உள்ளே அமிழும்போதே அதன் விளிம்பைச் சுற்றி மை பேனாவால் வரைந்த மாதிரி ஒரு கருங்கோடு எழும்பும். யாரும் வரையாத கோடு அது. டர்க்காய்ஸில் செம்பு இருக்கிறது, தந்த நிறத்தில் கந்தகச் சேர்மம் இருக்கிறது, இரண்டும் தொட்ட இடத்தில் செம்பு சல்ஃபைடு உண்டாகிறது. தந்த நிறத்தின் மேல் வெள்ளித் தகடு ஒட்டி எரித்தால் மரப்பட்டை போன்ற பழுப்பும் சாம்பலும் பரவும். பழங்கால மணி போல ஒன்று செய்ய நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு குச்சிகள் போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

டர்க்காய்ஸ் பற்றி இன்னொன்று: ஆக்ஸிஜன் குறைந்த தீயில் அதன் மேல் செம்புச் சிவப்புப் படலம் படியும். ஆக்ஸிஜனைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். தங்கம் சேர்த்துச் செய்யும் ரூபினோ ஓரோ என்ற இளஞ்சிவப்பும் அப்படித்தான், முறையில்லாத தீயில் புகை பிடித்த பழுப்பாக மாறும். விலையும் அதிகம் என்பதால் அதைத் தனியாகச் சுற்றாமல், தெளிந்த கண்ணாடி மேல் மெல்லிய பூச்சாகச் சுற்றி இழுத்து இழையாக வைத்துக்கொள்வது நல்லது.

எஃபெத்ரேயோடு சேர்த்துப் புழங்கும் மற்ற 104 வகைகளும் உண்டு. அமெரிக்க நிறுவனமான கிரியேஷன் இஸ் மெஸ்ஸியின் குச்சிகள் சீனாவில் தயாராகின்றன. அவர்களுடைய ஹேடீஸ் என்ற கறுப்பு, இழையாக இழுத்தாலும் கறுப்பாகவே நிற்கும். எழுத்து, கொடி, கண் வரைபவர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம். கலிபோர்னியாவின் டபுள் ஹீலிக்ஸ் குச்சிகளில் வெள்ளி கலந்திருக்கும். ட்ரைட்டன் போன்றவற்றைக் கேஸ் அதிகமான தீயில் காட்டினால் நீலப் பளபளப்பு வரும். டெர்ரா போன்றவற்றை நன்றாகக் காய்ச்சி, செம்மை அடங்கும் வரை ஆறவிட்டு, மறுபடி மெதுவாகச் சூடேற்றினால் நிறங்கள் ஒவ்வொன்றாக எழும். குச்சி விலை கையைக் கடிக்கும், தீயின் அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். அடிப்படை வசப்பட்ட பிறகு வாங்குங்கள்.

சரி, 90-க்கு வருவோம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-ல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடி இது. 104-இலிருந்து இதற்கு வந்தால் முதலில் கைக்குத் தெரிவது விறைப்பு. இளக நேரம் எடுக்கும், இளகிய பிறகும் ஓடாது. அதனால் மேலே வைத்த புள்ளியும் கோடும் வைத்த இடத்திலேயே நிற்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இழைகள் ஆலையிலிருந்தே வருவது பெரிய வசதி. ஆக்ஸிஜன் இல்லாமல் கேஸ் மட்டும் எரியும் டார்ச் வைத்திருப்பவர்கள் பொறுமையாக உட்கார வேண்டியிருக்கும். ஏற்கெனவே சூளையில் தகடு உருக்கி ஒட்டும் ஃப்யூஸிங் வேலை செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 90-ஐ எடுக்கலாம், ஏனென்றால் தகடு, தூள், இழை, குச்சி எல்லாம் ஒரே குடும்பம். மணி மட்டும் செய்பவர்களுக்கு நான் இதை முதல் கண்ணாடியாகச் சொல்ல மாட்டேன்.

எண் ஒன்றாக இருந்தால் இரண்டு கண்ணாடி சேரும் என்று நம்பிவிட வேண்டாம். இதை புல்ஸ்ஐ நிறுவனமே வலியுறுத்திச் சொல்கிறது. விரிவு ஒரு பாதி, ஆறும்போது எந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்பது மறு பாதி. அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு குச்சிகளின் முனைகளையும் உருக்கி, பக்கம் பக்கமாக ஒட்டி, முறுக்காமல் நேராக ஒரு மெல்லிய இழையை இழுங்கள். ஆறியதும் மேஜை மேல் வையுங்கள். நேராகக் கிடந்தால் பெரும்பாலும் சேரும். வில்லாக வளைந்தால், வளைவின் உள்பக்கம் இருப்பது அதிகம் சுருங்கும் கண்ணாடி. நன்றாக வளைந்த ஜோடியை ஒரே மணியில் வைக்கவே கூடாது. தெரியாத குச்சி எது கைக்கு வந்தாலும் இந்தச் சோதனை முடியாமல் நான் அதை எந்த மணியிலும் வைப்பதில்லை.

96 பெரும்பாலும் ஊதுகண்ணாடிக்காரர்களும் ஃப்யூஸிங் செய்பவர்களும் பயன்படுத்துவது. இதைத் தயாரித்த அமெரிக்காவின் ஸ்பெக்ட்ரம் ஆலை 2016-ல் மூடிய பிறகு ஓஷன்சைட் என்ற நிறுவனம் அந்த வரிசையைத் தொடர்கிறது. குச்சி வடிவில் நிறங்கள் குறைவு. ஜப்பானின் சதாகே ஈயக் கண்ணாடி மிகவும் மென்மை, பளபளப்பு அருமை. ஆனால் ஆக்ஸிஜன் குறைந்த தீயில் கறுத்துவிடும், முரானோ குச்சிகளோடும் சேராது.

33 என்பது போரோசிலிகேட், அதாவது ஆய்வகக் குடுவைகளின் கண்ணாடி. செக் நாட்டு சிமாக்ஸ், ஜெர்மனியின் டுரான் ஆகியவை தெளிந்த குச்சிக்குப் பெயர் பெற்றவை. நிறத்துக்கு அமெரிக்காவின் நார்த்ஸ்டார். விரிவு குறைவு என்பதால் குச்சியைச் சட்டென்று தீக்குள் கொண்டுபோனாலும் தெறிக்காது. 104-இல் அப்படிச் செய்தால் முனை பொரிந்து மடியில் விழும். ஆனால் போரோ இளக 800 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆக்ஸிஜன் இல்லாமல் முடியாது. அது எழுப்பும் வெளிச்சமும் கூர்மையானது. 104-க்குச் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடைமியம் மூக்குக்கண்ணாடி போதும், போரோவுக்கு அதோடு இன்னும் அடர்ந்த வடிகட்டி அணிய வேண்டும். பதக்கம், சின்னச் சிற்பம், கடல்வாழ் உயிர்கள் செய்ய இதை மிஞ்ச எதுவும் இல்லை. புள்ளியும் கோடுமான சிறு மணிக்கு இது தேவையில்லாத உழைப்பு.

நம் நாட்டுக் குச்சிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் வளையலுக்கு ஃபிரோசாபாத், மணிக்குப் புர்தில்நகர் என்று இரண்டு ஊர்களும் இந்தத் தொழிலிலேயே வாழ்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து எடை கணக்கில் வரும் குச்சிகள் மலிவு, பழகுவதற்கு மிகவும் ஏற்றவை. ஒரு கட்டிலிருந்து வாங்கியதை அந்தக் கட்டோடு மட்டும் சேர்த்துச் செய்யுங்கள், விலை உயர்ந்த குச்சியோடு கலக்கும் முன் இழைச் சோதனை கட்டாயம். அரிக்கமேட்டு மணிகளும் இப்படித்தான் செய்யப்பட்டனவா என்று சிலர் கேட்பதுண்டு. அவை உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, வெட்டி, மறுபடி சூட்டில் உருட்டியவை. உருப்பெருக்கியில் பார்த்தால் அவற்றின் காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். நாம் கம்பியில் சுற்றும் மணியில் குமிழிகள் துளையைச் சுற்றி வளையமிடும்.

எந்தக் கண்ணாடியானாலும் சூளையில் பதப்படுத்தாமல், அதாவது ஒரே சூட்டில் வைத்து மெதுவாக ஆறவிடாமல், விடாதீர்கள். 104-க்கு நான் வைப்பது 510 முதல் 520 டிகிரி, 90-க்கு 482, போரோவுக்கு 565. மணியின் தடிமனைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இன்றைக்குப் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 104-இல் தெளிந்தது, வெள்ளை, கறுப்பு, தந்த நிறம், டர்க்காய்ஸ், ஒளி புகும் நீலம் ஒன்று. தெளிந்ததை மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு எடுங்கள், மணிக்கு மேலுறை போடுவதில் அதுதான் வேகமாகத் தீரும். வந்தவுடன் ஒவ்வொரு குச்சியின் ஒரு முனையிலும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, மறுமுனையிலிருந்து உருக்குங்கள். போரோ வாங்கினால் அதை வேறு டப்பாவில் வையுங்கள்.