ஹட்டனில் பெரியம்மாவுக்கு ஒரு பெட்டி

பெரியம்மா இலங்கை மலையகத்தில் 35 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அவருடைய லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), சேலைகளுக்கு அடியில் ஒரு ஷொப்பிங் பேக் இருக்கும். அதற்குள் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காகிதங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிப் போன தாத்தாவுக்கு, அப்படிப்பட்டவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொள்ள 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதிப் பல வருடம் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தது. நாலாக மடித்து வைத்து வைத்து, இப்போது மடிப்பு வழியே கிழியத் தொடங்கியிருந்தது. இந்த முறை டொரொன்டோவிலிருந்து சொக்லேட் மட்டும் கொண்டுபோனால் போதாது, அவர் பெயர் சொல்லும் மரப்பெட்டி ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் விமானம் ஏறினேன்.

முதலில் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தேன். மூடியில் 'எங்கள் பெரியம்மாவுக்கு' என்று எழுதச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெட்டி வந்தது. 'பெ'யின் கொம்பு 'ப'வை விட்டு நகர்ந்து 'ரி'யோடு ஒட்டியிருந்தது. பழைய மென்பொருளில் யூனிகோட் தமிழை ஒட்டினால் இப்படித்தான் சிதறும். அங்கே அதை வாசித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. காசு போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது. பெரியம்மாவிடம் அதை எப்படி நீட்டுவது?

அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டேன். பஜாரில் விசாரித்தபோது, லேசர் இயந்திரத்தால் பலகை வெட்டி ஷீல்டு, பெயர்ப்பலகை செய்யும் சின்னக் கடை ஒன்றைக் காட்டினார்கள். இருபத்தைந்து வயதிருக்கும் தம்பி ஒருவர். எழுத்தைத் திரையில் பெரிதாக்கி என்னையே வாசிக்கச் சொன்னார். சரி என்றதும்தான் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றினார். அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு அசையாது.

எழுத்தை ஊடுருவ வெட்டலாமா என்று கேட்டேன். "வேணாம் அண்ணே, கொம்புச் சுழி, 'வ'னா வயிறு எல்லாம் கழண்டு விழுந்துரும். மேலாப்புல எரிச்சு எடுப்போம்" என்றார்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை விலை குறைவுதான். ஆனால் மலை ஈரத்தில் ஊதிவிடும் என்று அவரே சொல்லி, 3 மில்லிமீற்றர் ப்ளைவுட் எடுத்தார். ஏ4 தாள் மடிக்காமல் படுக்க வேண்டும் என்பதால் உள்ளளவு 23க்கு 32 சென்ரிமீற்றர். பலகைகள் விரல் கோத்ததுபோல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பல் இணைப்பு. லேசர் கதிர் போகும் வழியில் ஒரு மயிரிழை மரத்தைத் தின்றுவிடும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பல் தளர்ந்து ஆடும். அதற்காகக் கழிவுத் துண்டில் நாலு பல் வெட்டி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். மூன்றாவது டக்கென்று உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி. நீங்கள் எங்கே செய்யக் கொடுத்தாலும் இந்த மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பலகை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, சிவப்புப் புள்ளியால் இடம் பார்த்து, இயந்திரத்தை ஓடவிட்டார். கடை முழுக்க விறகடுப்பு வாசம். பாதியில் கரண்ட் போய், மிச்சம் மறுநாள் காலை. டேப்பை உரித்தபோது புகைக்கறை அதோடு வந்துவிட்டது, எழுத்து மட்டும் கருப்பட்டி நிறத்தில் நின்றது. மூடி மூலையில் ரெண்டு இலையும் ஒரு மொட்டும். நான் கேட்காமலே போட்டுக் கொடுத்திருந்தார். வார்னிஷோடு சேர்த்து 5,500 ரூபாய். பேசிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

வார்னிஷ் வாசம் போக ரெண்டு நாள் திறந்து வைக்கச் சொன்னார், வைத்தேன். மூன்றாம் நாள் பெரியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். "பெ... ரி... யம்மா" என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு தாத்தாவின் சான்றிதழை விரித்து உள்ளே படுக்க வைத்தார். பழைய ஷொப்பிங் பேக்கையும் எறியவில்லை. அழகாக மடித்து அதன்மேல் வைத்து மூடினார்.