தரங்கம்பாடியில் வீடு எடுத்துத் தங்கப் போகிறீர்களா? செக்-இன் நம்பரை முன்னாடியே கொடுத்துவிடாதீர்கள்

24,600 ரூபாய். உள்ளே காலே வைக்காத ஒரு வீட்டுக்கு நான் கட்டிய வாடகை இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால், முகூர்த்த நாளில் அங்கே எத்தனை ஜோடி மாலையும் கழுத்துமாக நிற்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். லாட்ஜில் இடம் கிடைக்காது. தரங்கம்பாடி பக்கத்தில்தானே இருக்கிறது, கடலோரமாக ஒரு வீட்டை எடுத்தால் விசேஷம் முடிந்து பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி என்று பெரியவர்களைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தோம். வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஆப் ஒன்றில் பழைய காலத்து வீடு கிடைத்தது. தூண் வைத்த திண்ணை, மாடியில் நின்றால் கடல். 24,600 ரூபாயையும் ஆப்பிலேயே கட்டினேன். வெளியே ஒரு பைசா கொடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், கேட்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

வீட்டுக்காரர் என்று ஒருவர் போன் செய்தார். என்ன பணிவு! "அம்மாவுக்கு மூட்டு வலி இருக்குமே சார், கீழ் ரூமை ஒதுக்கிடறேன்" என்றார். "அப்பாவுக்கு என்ன நட்சத்திரம்? குருக்கள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்றார். இப்படிக் கேட்பவனைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? நட்சத்திரம் கேட்டே ஏமாற்றியிருக்கிறான், படுபாவி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோட்டையைத் தானே கூட இருந்து சுற்றிக் காட்டுவதாகவும் சொன்னார். கிளம்புவதற்கு முந்தைய இரவு, "ஐடி என்ட்ரி போடணும் சார், ஆப்ல வந்திருக்கிற செக்-இன் நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார். வீட்டுக்குள் போகும்போது வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய நம்பர் அது; சொன்னால் நாம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஆப் எடுத்துக்கொள்ளும். சொன்னேன். அத்தோடு அவருக்கு வேலை முடிந்தது.

மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி, வேன் பிடித்து, டேனிஷ்காரர்கள் காலத்து நகர வாயிலைத் தாண்டி உள்ளே போனால் வீடு இருக்கிறது. அதே தூண், அதே திண்ணை. கதவில் துருப்பிடித்த பூட்டு. எதிர்வீட்டு அம்மா, "இதை யாரும் வாடகைக்கு விடறதில்லையே தம்பி" என்றார். போன் ஸ்விட்ச் ஆஃப். பெரியப்பாவும் அத்தைமார்களும் சீர்த்தட்டோடு வேனில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கிருந்த டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக்கிழமை கோட்டைக்கா? அன்னிக்கு லீவாச்சே!" 1620-இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பது ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியுமாம். ஆக, அந்த ஆள் ஊர்க்காரனே இல்லை. அனுப்பிய கடற்கரை வீடியோவும் வேறெங்கோ எடுத்தது. மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டிக் கொட்டியிருக்கும் பாறைகளில் ஒன்றைக்கூட அதில் காணோம். ஊரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த டீக்கடைக்காரர்தான் நாலு இடத்துக்குப் போன் போட்டு, காரைக்காலில் ரூம் வாங்கிக் கொடுத்தார்.

ஆப்காரர்களைத்தான் விடமாட்டேன். முதலில் இயந்திரம் பேசியது: 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அப்புறம் ஒரு பெண் பேசினார்: "எங்க ரெக்கார்டுல நீங்க செக்-இன் பண்ணிட்டீங்க சார்." பூட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "உரிமையாளரோட பேசித் தீர்த்துக்கோங்க" என்றார். எந்த உரிமையாளர்? நம்பர் சொன்ன நிமிடமே பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டதாம். மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. தாலி கட்டும் நேரத்தில் ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது: 'தங்கியது எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்.' ஒரு நட்சத்திரம் கொடுத்து நடந்ததை எழுதினேன். 'விதிகளுக்கு உட்படவில்லை' என்று அதையும் தூக்கிவிட்டார்கள். 24,600 ரூபாயை வாங்கிக்கொண்டு என் வாயையும் அடைக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வாசலில் நின்று, கதவு திறந்த பிறகுதான் செக்-இன் நம்பர். அதற்கு முன் போலீஸ் என்ட்ரி, ஐடி என்ட்ரி என்று எதைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அந்த நம்பர்தான் பணம். முந்தின நாளே வீடியோ காலில் வந்து வீட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தது தெரிந்தால் ஆப்காரனோடு மல்லுக்கட்டாமல் உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. நான் அடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

இதே வீட்டின் படத்தை வேறு பெயரில் அதே ஆப்பில் இன்று காலையும் பார்த்தேன். வாடகையை 500 ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.