வேலை நேரத்தில் வேறு வண்டி இடித்தால்: எம்.சி.ஓ.பி.யா, தொழிலாளர் இழப்பீடா?

2022 ஆகஸ்டில், ஏஜென்சி வேனில் மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பைபாஸில் போய்க்கொண்டிருந்தேன். சந்திப்பில் நிற்காமல் வந்த லாரி என் பக்கக் கதவில் மோதியது. வலது முழங்காலுக்குப் பிளேட் வைத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாதிப் பேர் லாரி மேல் கேஸ் போடு என்றார்கள், மீதிப் பேர் முதலாளியிடம் கேள் என்றார்கள். இரண்டையும் செய் என்று சொன்ன ஒருவரும் உண்டு. அது மட்டும் முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்படி, இடித்த வண்டியின் உரிமையாளர் மீதும் அதன் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கோர்ட் வட்டாரத்தில் இதற்கு எம்.சி.ஓ.பி. என்று பெயர். அல்லது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி மீது தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட முடிந்தது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்கிறது 167ஆவது பிரிவு. ஒன்றில் பணம் வாங்கிய பிறகு மற்றதற்கு மாற முடியாது. ஆனால் நாம் கேட்காமலே முதலாளி ஆணையரிடம் பணம் கட்டிவிட்டால், அதை நம் தேர்வாகக் கொள்ள முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகையைக் கடைசியில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நான் எம்.சி.ஓ.பி. போட்டேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். காரணம் சம்பளம்.

1923 சட்டத்தில் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பாக இருந்தது. 2020 ஜனவரிக்கு முன்னால் அது 8,000ஆகவே இருந்தது. நிரந்தர முழு ஊனம் என்றால் அந்தச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்குவார்கள். பகுதி ஊனம் என்றால் அதில் உரிய சதவீதம். எனக்கு அப்போது வயது 38, காரணி 189.56. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனதாக வைத்தால், 9,000 பெருக்கல் 189.56, அதில் ஐந்தில் ஒரு பங்கு: 3,41,208 ரூபாய். என் சம்பளம் பேட்டாவோடு 24,000. அதில் 9,000 ரூபாயை நான் சம்பாதிக்கவே இல்லை என்பதுபோல இந்தக் கணக்கு ஓடுகிறது.

அதே 20 சதவீதத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனால், 24,000 முழுசாக உள்ளே வரும். உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி வழக்குத் தீர்ப்பின்படி 40 வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லாமல் குறிப்பிட்ட சம்பளம் வாங்குபவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள். அதே நீதிமன்றத்தின் சரளா வர்மா வழக்கின் அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை, வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15. போட்டுப் பார்த்தால் 12,09,600 ரூபாய். வலி, வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் இதற்கு மேலே தனித்தனித் தலைப்புகள். 1923 சட்டத்தில் சிகிச்சைச் செலவு இருந்தது, வலிக்குக் காசு இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம், எனக்கே பிறகுதான் உறைத்தது. 24,000 என்றால் யார் நம்புவார்கள்? வங்கியில் வந்தது 16,000, மீதி கையில். தீர்ப்பாயத்தில் முதலாளி எதிர்மனுதாரர் இல்லை. வந்து கூண்டில் ஏறி, பேட்டா உட்பட இவ்வளவு கொடுத்தேன் என்று சாட்சி சொல்லி, ரிஜிஸ்டரையும் காட்டிவிட்டுப் போனார். ஆணையரிடம் போயிருந்தால் அதே மனிதர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சம்பளத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்திருப்பார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்தச் சோதனையை அவருக்கு ஏன் வைக்க வேண்டும்?

சரி, தொழிலாளர் சட்டத்தின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அங்கே யார் மேல் தப்பு என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. வேலையினால், வேலையின்போது நடந்தது என்றால் போதும். தீர்ப்பாயத்தில் அந்த டிரைவரின் கவனக்குறைவை நாம்தான் காட்ட வேண்டும். நம் மேலும் பாதித் தப்பு என்றால் பாதித் தொகை போய்விடும். டயர் வெடித்துத் தானே புளியமரத்தில் மோதியவர் யோசிக்கவே வேண்டாம், ஆணையரிடம் போகலாம். இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் அப்படித்தான். இடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கான அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்குக் கிடைப்பது வெறும் 50,000. லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றாலும் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். வட்டியிலும் 1923 சட்டம்தான் மேலாக இருந்தது: 12 சதவீதம். எனக்குக் கிடைத்தது 7.5.

கெடுவை மட்டும் மறக்கக் கூடாது. ஆணையரிடம் இரண்டு வருடம் அவகாசம். தீர்ப்பாயத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஆறே மாதம். கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடித்து, அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் அது ஓடிவிடும். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி இந்த மூன்றையும் என் தம்பி முதல் வாரமே வாங்கி வைத்துவிட்டான். ஊனச் சான்று பிறகு வந்தது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. அதற்கு அப்போது சம்பள வரம்பு 21,000, நான் வெளியே. அதில் இருந்தவர்கள் 1923 சட்டத்தில் முதலாளியிடம் கேட்க முடியாது என்று இருந்ததை மட்டும் சொல்லலாம்.

அந்த 1923 சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 60 சதவீதம், காரணி என்ற கணக்குமுறை அதிலும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகக் கொள்ளலாம் என்று அதில் சேர்த்திருக்கிறார்கள். என் அனுபவம் பழைய சட்டத்தோடு முடிந்தது. புதியதில் மனுப் போட்ட ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.